ஆன்டெனாவை அசைக்காமல் கற்றையைத் திருப்புதல்: 5.8 கிகாஹெர்ட்ஸில் எட்டு உறுப்பு அணிக்கான முழுமையான வழிகாட்டி

எட்டுச் சிறு ஆன்டெனாக்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றும் வாங்கும் சமிக்ஞையின் கட்டத்தை மின்னணு முறையில் மாற்றி, விரும்பிய திசைக்கு ஏற்புக் கற்றையைத் திருப்பும் வேலையை இந்த வழிகாட்டி தொடக்கத்திலிருந்து வரிசைப்படி விளக்குகிறது. கட்டம் என்று இங்கே சொல்வது ஃபேஸ். கட்டமாற்றி என்பது ஃபேஸ் ஷிஃப்டர். கற்றை என்பது பீம். வரிசையாக நிற்கும் ஆன்டெனாக்களின் தொகுப்பு அணி, அதிலுள்ள ஒவ்வொரு ஆன்டெனாவும் ஓர் உறுப்பு, ஓர் ஆன்டெனாவின் சமிக்ஞை செல்லும் பாதை ஒரு தடம். ஏற்பியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கட்டக் கணக்கு அனுப்பிக்கும் ஏற்பிக்கும் ஒன்றே. ஆனால் ஏற்பியில் தவறு செய்தால் எதுவும் எரிந்து போகாது.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது கணக்கில் அல்ல, வேலையின் வரிசையில்தான். பலகை கைக்கு வந்த அன்றே கற்றையை 30 பாகைக்குத் திருப்பிப் பார்க்கிறார்கள். அது எங்கோ போய் நிற்கிறது. நிரலில் பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடுகிறார்கள். நிரலில் ஒன்றும் இருக்காது. எட்டுத் தடங்களும் தங்களுக்குள் ஒத்துப்போகாத நிலையில் எந்தக் கணக்கும் சரியான விடையைத் தராது.

1. கைவசம் இருக்க வேண்டியவை

எட்டு பேட்ச் ஆன்டெனாக்கள் (பலகையில் அச்சான தட்டை உலோகத் துண்டு வகை), எட்டு குறைஇரைச்சல் பெருக்கிகள், 6 பிட் எண்முறைக் கட்டமாற்றிகள் எட்டு, 0.5 டெசிபல் படியில் 31.5 டெசிபல் வரை குறைக்கும் எண்முறைக் குறைப்பான்கள் எட்டு, எட்டுத் தடங்களின் சமிக்ஞையையும் ஒன்றாகச் சேர்க்கும் எட்டுவழி இணைப்பான் (கம்பைனர்) ஒன்று, 6 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும் வானொலி ஏற்பி) ஒன்று, கட்டுப்படுத்த ஒரு ராஸ்ப்பெரி பை அல்லது அதுபோன்ற சிறு கணினி. இவை தவிர, நிலையான ஒற்றை அதிர்வெண்ணை அனுப்பும் சமிக்ஞை மூலம் (சோர்ஸ்) ஒன்றும் கோணம் குறித்த சுழல் மேசை ஒன்றும் வேண்டும். சுழல் மேசையைப் பலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் 9-ஆம் பகுதியைச் செய்ய முடியாது.

5.8 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் எளியது. இந்தியாவில் 5,725 முதல் 5,875 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையைக் குறிப்பிட்ட திறன் வரம்புக்குள் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். வேறு நாட்டில் இருப்பவர்கள் மூலத்தை இயக்கும் முன் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. இடைவெளியை முதலில் முடிவு செய்யுங்கள்

5.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 51.7 மி.மீ. உறுப்புகளின் மையத்துக்கு மையம் இடைவெளி அதில் பாதியாக, 25.8 மி.மீ. ஆக இருக்கட்டும். பலகை அச்சான பிறகு மாற்ற முடியாத ஒரே அளவு இதுதான் என்பதால் இது முதலில் வருகிறது.

இடைவெளி கூடினால், நீங்கள் கேட்ட கற்றையோடு அதே வலிமையுள்ள போலிக் கற்றை ஒன்றும் வேறொரு திசையில் முளைக்கும். அதைத் தவிர்க்கும் வரம்பு இது: அலைநீளத்தை, ஒன்றுடன் அதிகபட்சத் திருப்புக் கோணத்தின் சைனைக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும், இடைவெளி அந்த விடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 60 பாகை வரை திருப்ப நினைத்தால் இந்த வரம்பு 27.7 மி.மீ.

என்னுடைய முதல் அணியில், இணைப்பிகளை (கேபிள் முனைகளிலுள்ள கனெக்டர்களை) திருக விரல் நுழைய வேண்டும் என்பதற்காக 40 மி.மீ. இடைவெளி விட்டேன். நேராகப் பார்க்கும்போது எல்லாம் அழகாக இருந்தது. கற்றையை வலப்புறம் 30 பாகைக்குத் திருப்பியதும், இடப்புறம் ஏறக்குறைய 52 பாகையில் இன்னொரு கற்றை எழுந்தது. பேட்ச் ஆன்டெனா பக்கவாட்டில் கொஞ்சம் மந்தமாகக் கேட்பதால் சில டெசிபல் தாழ்ந்திருந்ததே தவிர, அது முழுக் கற்றைதான். சுவரில் பட்டுத் திரும்பும் அலை என்று நினைத்து அறையில் இருந்த இரும்பு பீரோவை வெளியே தள்ளினேன். பீரோவின் மேல் பழி போடும் முன் இடைவெளிக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும்.

3. ஒவ்வொரு தடத்திலும் எது முன், எது பின்

ஆன்டெனா, அதை ஒட்டிப் பெருக்கி, பிறகு குறைப்பான், பிறகு கட்டமாற்றி, கடைசியில் இணைப்பான் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். கட்டமாற்றி தன்னளவில் சில டெசிபல் இழப்பை உண்டாக்கும்; அது பெருக்கிக்கு முன்னால் வந்தால் அந்த இழப்பு முழுவதும் இரைச்சல் கணக்கில் அப்படியே ஏறிவிடும்.

கேபிள்களின் நீளத்தில் கவனம் வேண்டும். ஆர்ஜி-316 போன்ற டெஃப்லான் கேபிளில் அலை ஏறக்குறைய 70 சதவீத வேகத்தில் செல்வதால், கேபிளுக்குள் அலைநீளம் 36 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, ஆகவே 1 மி.மீ. நீள வேறுபாடு 10 பாகைக் கட்ட வேறுபாடாக மாறும். 6 பிட் கட்டமாற்றியின் ஒரு படி 5.625 பாகை. நகத்தின் தடிமன் அளவு நீளம் கூடிக் குறைந்தாலே ஒரு படி போய்விடும். இதை 7-ஆம் பகுதியில் வரும் அளவுத்திருத்தம் (காலிப்ரேஷன்) சரிசெய்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால் திருத்திய பிறகு கேபிளை வளைத்தாலோ இணைப்பியைக் கழற்றி மாட்டினாலோ திருத்தம் செல்லாது. எனவே கேபிள்களை இப்போதே பலகையோடு கட்டிவிடுங்கள். இணைப்பிகளை விரலால் அல்ல, முறுக்குவிசைச் சாவியால் இறுக்குங்கள்.

4. எண்ணிடுதலும் கட்டுப்பாட்டு இணைப்பும்

அணிக்குப் பின்னால் நின்று, அது பார்க்கும் திசையையே நீங்களும் பார்த்தபடி, இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரை எண்ணிட்டுப் பலகையின் பின்புறத்தில் எழுதுங்கள். வலப்பக்கக் கோணம் நேர்மம், இடப்பக்கம் எதிர்மம். ஒருவர் முன்னால் நின்று எண்ணிட, இன்னொருவர் பின்னால் நின்று நிரல் எழுதினால் கற்றை கண்ணாடிப் பிம்பம் போல எதிர்ப்பக்கம் போகும். இந்தத் தவறு நான் பார்த்த எல்லாக் குழுக்களிலும் ஒரு முறையாவது நடந்திருக்கிறது.

கட்டமாற்றிகள் எஸ்.பி.ஐ. (சில்லுகளுக்குத் தரவு அனுப்பும் தொடர் இணைப்பு முறை) வழியாகத் தொடராக இணைக்கப்பட்டிருந்தால், கடைசி உறுப்புக்குரிய தரவுதான் முதலில் போக வேண்டும். பிட்டுகள் எந்த முனையிலிருந்து எண்ணப்படுகின்றன என்பதையும் தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் பிழை இருந்தால் அடையாளம் தெளிவானது: எல்லாவற்றுக்கும் சுழியம் எழுதும்போது அணி ஒழுங்காக இருக்கும், வேறு எதை எழுதினாலும் குழம்பும்.

புதிய மதிப்புகளைச் செயலுக்குக் கொண்டுவரும் லாட்ச் கம்பி எட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும். தனித்தனியாக இருந்தால், ஒரு கற்றையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைநேரத்தில் பாதி உறுப்புகள் பழைய மதிப்பிலும் பாதி புதிய மதிப்பிலும் நிற்கும். அந்த நேரத்தில் வந்த தரவு வீணாகும்.

5. அளக்கும் இடத்தைத் தயார் செய்தல்

அணியின் நீளம் 206 மி.மீ. தொலைப்புலத்துக்கு, அதாவது வரும் அலையைத் தட்டையானதாகக் கொள்ளத்தக்க தூரத்துக்கு, வழக்கமாகச் சொல்லும் சூத்திரம், நீளத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுப்பது, இங்கே 1.64 மீட்டர் என்று விடை தரும். இதைப் பார்த்துவிட்டு 2 மீட்டரில் மூலத்தை வைத்துத் திருத்தம் செய்பவர்கள் பலர். அது போதாது. 2 மீட்டரில் ஓர உறுப்புகளுக்கு அலை வந்து சேரும் பாதை, நடு உறுப்புகளுக்கான பாதையைவிட 2 மி.மீ. நீளம், அது 14 பாகைக் கட்டம். அந்த 14 பாகையும் உங்கள் திருத்தக் கோப்புக்குள் பிழையாகப் பதிந்துவிடும். 5 மீட்டருக்குப் போனால் இது 5.7 பாகையாக, ஏறக்குறைய ஒரு படியாகக் குறைகிறது. அவ்வளவு இடம் இல்லாதவர்கள், தூரத்தை அளந்து ஒவ்வொரு உறுப்புக்கும் இந்தக் கூடுதல் பாதையைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம்.

மூலம் அணியின் நேர் எதிரே இருக்க வேண்டும். 5 மீட்டரில் 87 மி.மீ. விலகினால் ஒரு பாகை பிழை. அணியின் இரு ஓரங்களிலிருந்தும் மூலத்துக்கு ஒரே நூலை இழுத்துப் பார்த்தால் போதும், லேசர் தேவையில்லை.

அறையில் செய்தால் மின்விசிறியை நிறுத்துங்கள். சுழலும் இறக்கைகளில் பட்டு வரும் அலையால் அளவு ஊசலாடுவதை, பெருக்கி கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றியவர்கள் உண்டு. மொட்டை மாடி நல்ல இடம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்த்திசையில் நின்றால்.

எஸ்.டி.ஆரில் இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும். முதலாவது, தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டை அணைத்துப் பெருக்கத்தைக் கையால் நிலைநிறுத்துவது. அது இயங்கிக்கொண்டிருந்தால் சமிக்ஞை குறையும்போதெல்லாம் தூக்கிக் கொடுத்து, நீங்கள் தேடும் பள்ளங்களை, அதாவது சமிக்ஞை ஆழமாகக் குறையும் இடங்களை, நிரப்பிவிடும். இரண்டாவது, மூலத்தின் அதிர்வெண்ணிலிருந்து 200 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஏற்பியை வைப்பது. இல்லாவிட்டால் அலைமாலையின் நடுவில் எஸ்.டி.ஆர். தானே உண்டாக்கும் முள்ளை உங்கள் சமிக்ஞை என்று எடுத்துக்கொள்வீர்கள்.

6. வீச்சைச் சமன் செய்தல்

வீச்சு என்பது ஆம்ப்ளிட்யூட். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தடத்தை இயக்கி, அதன் அளவை எழுதிக்கொள்ளுங்கள். எட்டையும் அளந்த பிறகு, மிகவும் தாழ்ந்திருக்கும் தடத்தின் அளவுக்கு மற்றவற்றைக் குறைப்பானால் இறக்குங்கள். அரை டெசிபலுக்குள் வந்தால் போதும்.

மற்ற தடங்களை அணைக்கக் குறைப்பானை மட்டும் நம்ப வேண்டாம். 31.5 டெசிபல் குறைத்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் வீச்சில் 2.7 சதவீதம் கசியும்; ஏழு தடங்களின் கசிவு ஒரே கட்டத்தில் சேர்ந்தால் அது கவனிக்கத்தக்க அளவாகிவிடும். பெருக்கியின் மின்னூட்டத்தையே துண்டிக்கும் வசதியைப் பலகையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாவைக் கழற்றுவது தவறு. பக்கத்து உறுப்பு இருக்கும்போதும் இல்லாதபோதும் ஓர் ஆன்டெனா ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

வீச்சு முதலில், கட்டம் பிறகு என்ற வரிசைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. குறைப்பானின் நிலை மாறும்போது கட்டமும் சற்று மாறும். ஆகவே கட்டத்தை முதலில் திருத்தினால் அடுத்த வேலை அதைக் கலைத்துவிடும். மேலும், கட்டத் திருத்தம் பள்ளத்தைத் தேடும் முறை என்பதால், இரு தடங்களின் வீச்சு சமமாக இல்லாவிட்டால் பள்ளம் ஆழமாகாது. 1 டெசிபல் வேறுபாடு இருந்தாலே பள்ளம் உச்சத்துக்குக் கீழே 25 டெசிபலில் நின்றுவிடும்.

7. கட்ட அளவுத்திருத்தம்

இந்தப் பகுதிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் பின்னால் ஒரு வாரம் போகும்.

முதல் உறுப்பை மேற்கோளாக வைத்துக்கொண்டு, அதையும் இரண்டாவது உறுப்பையும் மட்டும் இயக்குங்கள். முதல் உறுப்பின் கட்டமாற்றி சுழியத்தில் நிற்க, இரண்டாவதை 64 நிலைகளிலும் ஒவ்வொன்றாக நகர்த்தி அளவைப் பதியுங்கள். இரு சமிக்ஞைகளும் ஒரே கட்டத்தில் சேரும் இடத்தில் உச்சமும், நேர் எதிராகும் இடத்தில் பள்ளமும் வரும். தேவையானது உச்சம் என்றாலும் தேட வேண்டியது பள்ளம்.

ஏன் என்று கேட்காத மாணவர் இல்லை. உச்சத்திலிருந்து இரண்டு படிகள், அதாவது 11 பாகை விலகினாலும் அளவு 0.04 டெசிபல்தான் குறையும். இரைச்சலில் அது கண்ணுக்கே தெரியாது. பள்ளத்திலோ ஒரு படி நகர்ந்தால் பல டெசிபல் ஏறும். பள்ளத்தின் அடி இரைச்சலில் மூழ்கியிருந்தால், அதன் இரு சரிவுகளிலும் ஒரே அளவு காட்டும் இரண்டு நிலைகளை எடுத்து அவற்றின் நடுவைக் கொள்ளுங்கள்.

பள்ளம் கிடைத்த நிலையோடு 180 பாகையை, அதாவது 32 படிகளைக் கூட்டினால் அந்த உறுப்பின் திருத்தம் கிடைக்கும். உதாரணமாக, இரண்டாவது உறுப்புக்குப் பள்ளம் 41-ஆவது நிலையில் வந்தால், 41-உம் 32-உம் சேர்ந்து 73. அதில் 64-ஐக் கழிக்க, திருத்தம் 9 படிகள். இதையே எட்டாவது உறுப்பு வரை, எப்போதும் முதல் உறுப்போடு சேர்த்தே செய்யுங்கள். ஒன்றோடு இரண்டு, இரண்டோடு மூன்று என்று சங்கிலியாகப் போனால் ஒவ்வொரு பிழையும் அடுத்ததன் மேல் ஏறி, கடைசி உறுப்பில் குவிந்துவிடும்.

முடிந்ததும் மூலத்தை 10 செ.மீ. பின்னால் நகர்த்தி மீண்டும் ஒரு முறை செய்யுங்கள். எண்கள் ஒரு படிக்குள் ஒத்துப்போனால் திருத்தம் நம்பத்தக்கது. மூன்று, நான்கு படிகள் மாறினால் ஏதோ ஒரு சுவரோ தரையோ அளவில் கலந்திருக்கிறது. திருத்தத்தைக் கைவிட்டு இடத்தை மாற்றுங்கள், சராசரி எடுக்காதீர்கள்.

8. திருப்பும் கணக்கு

இனிமேல்தான் கற்றையைத் திருப்பலாம். அரை அலைநீள இடைவெளியில், அடுத்தடுத்த உறுப்புகளுக்கு இடையே தேவையான கட்ட வேறுபாடு 180 பாகையைத் திருப்புக் கோணத்தின் சைனால் பெருக்கிய தொகை. 30 பாகைக்கு 90. 10 பாகைக்கு 31.26. அலை வலப்புறமிருந்து வந்தால் வலது ஓர உறுப்பைத்தான் முதலில் தொடும். ஆகவே அந்த உறுப்பு மற்றவற்றுக்காகக் காத்திருக்க, அதற்குத்தான் அதிகத் தாமதம் கொடுக்க வேண்டும். கட்டமாற்றியின் எண்ணைக் கூட்டினால் தாமதம் கூடுமா குறையுமா என்பது பாகத்துக்குப் பாகம் மாறுவதால், மூலத்தை வலப்புறம் 20 பாகையில் வைத்து ஒரு முறை சோதித்துக் குறியை முடிவு செய்யுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, முழுப்படியாக்குவதைச் சீக்கிரம் செய்வது. 10 பாகைக்குரிய 31.26 பாகையை முதலில் 6 படிகளாக, அதாவது 33.75 பாகையாக முழுமையாக்கிவிட்டு, அதை 1, 2, 3 என்று பெருக்கிக்கொண்டே போனால், எட்டாவது உறுப்புக்கு 236.25 பாகை வருகிறது. வர வேண்டியது 218.8. கற்றை 10 பாகைக்குப் பதில் 10.8 பாகையில் நிற்கும். சரியான முறை, ஒவ்வொரு உறுப்புக்கும் முழுக் கட்டத்தைத் தசமத்தோடு கணக்கிட்டு, அதோடு 7-ஆம் பகுதியின் திருத்தத்தையும் சேர்த்து, கடைசியில் ஒரே ஒரு முறை முழுப்படியாக்குவது. திருத்தத்தைச் சேர்க்காமல் பார்த்தால் 10 பாகைக்கான படிகள் 0, 6, 11, 17, 22, 28, 33, 39 என்று வரும். உங்கள் நிரலும் இதையே தருகிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கட்டமாற்றி ஒரே அதிர்வெண்ணுக்குத்தான் சரியான கோணத்தைத் தரும், அகலமான பட்டையில் கற்றை நழுவும் என்று எச்சரிப்பார்கள். உண்மைதான், ஆனால் 45 பாகைக்குத் திருப்பிய இந்த அணியில், 5,725-க்கும் 5,875-க்கும் இடையே முழு நழுவலும் 1.5 பாகைதான், கற்றையின் அகலமோ 18 பாகை. இந்த அளவு அணிக்கு அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

9. வடிவத்தை அளந்து பார்த்தல்

இரண்டு வகை அளவுகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. முதல் வகையில் அணியும் மூலமும் அசையாமல் நிற்க, கற்றையை மட்டும் −60 முதல் +60 வரை மின்னணு முறையில் நகர்த்துகிறோம். இது நொடியில் முடியும்; மூலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டாவது வகையில் கற்றையை ஒரு கோணத்தில் நிறுத்திவிட்டு, சுழல் மேசையில் அணியைத் திருப்புகிறோம். ஆன்டெனா வடிவம் என்று அறிக்கையில் போட வேண்டியது இதைத்தான். போலிக் கற்றை எந்தத் திசையில் எவ்வளவு வலிமையோடு இருக்கிறது, பேட்ச் பக்கவாட்டில் எவ்வளவு மந்தம் என்பதெல்லாம் இதில்தான் நேரடியாகத் தெரியும்.

நேர்த்திசையில் எதிர்பார்க்க வேண்டியவை: அரைத்திறன் அகலம் (திறன் உச்சத்தில் பாதியாகும் இரு கோணங்களுக்கு இடைப்பட்ட அகலம்) 12.7 பாகை, முதல் பள்ளம் இருபுறமும் 14.5 பாகையில், முதல் பக்கக் கற்றை உச்சத்துக்குக் கீழே ஏறக்குறைய 13 டெசிபலில். பள்ளங்கள் நிரம்பியிருந்தால் திருத்தத்தில் குறை. பக்கக் கற்றைகள் இருபுறமும் சமமில்லாமல் இருந்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு உறுப்பின் கட்டம் தவறு.

கற்றையைத் திருப்பத் திருப்ப அது அகலமாகும். 60 பாகையில் இருமடங்காகிவிடும். இது பிழையல்ல. அந்தத் திசையிலிருந்து பார்த்தால் அணியின் தோற்ற நீளம் பாதியாகச் சுருங்கிவிடுவதே காரணம்.

10. பக்கக் கற்றைகளை அடக்குதல்

ஓர உறுப்புகளின் வீச்சைக் குறைத்தால் பக்கக் கற்றைகள் தாழும். அதற்கு விலையாகப் பிரதான கற்றை அகலமாகி, உச்சமும் கொஞ்சம் இறங்கும். 13 டெசிபல் கிடைக்காத அணியில் இதைச் செய்து பயனில்லை. முதலில் 9-ஆம் பகுதியின் எண்கள் வரட்டும்.

11. கற்றை அட்டவணையும் தேடலும்

தகவல்தொடர்பில் எதிர்முனை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே முன்பே கணக்கிட்டு வைத்த கற்றைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தேட வேண்டும். 5ஜி அடிநிலையமும் இதைத்தான் செய்கிறது: மில்லிமீட்டர் அலைப் பட்டைகளில் ஒரு சுற்றில் 64 கற்றைகள் வரை ஒத்திசைவுச் சமிக்ஞையை அனுப்பலாம் என்று அதன் தரம் அனுமதிக்கிறது.

கற்றைகளை 5 பாகைக்கு ஒன்று என்று சம கோணத்தில் அடுக்க வேண்டாம். சைன் மதிப்பில் சமமாக அடுக்குங்கள். கற்றை ஓரங்களில் அகலமாவதால் அங்கே குறைந்த எண்ணிக்கை போதும். சைன் 0.125 இடைவெளியில் எடுத்தால், நேர்த்திசையும் இருபுறமும் 7.2, 14.5, 22, 30, 38.7, 48.6 பாகைகளுமாகப் பதின்மூன்று கற்றைகள் வரும். பக்கத்துக் கற்றைகள் சந்திக்கும் இடத்தில் இழப்பு 0.9 டெசிபல்தான், இடைவெளியை 0.25 ஆக்கினால் கற்றைகள் பாதியாகும், இழப்போ 3.9 டெசிபலுக்குப் போகும். 0.125-ஐ நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதற்குரிய கட்ட வேறுபாடு 22.5 பாகை, அதாவது சரியாக நான்கு படிகள். திருத்தமும் முழுப்படிகளில் இருந்தால் முழுப்படியாக்கும் பிழையே வராது.

தேடல் முடிந்து ஒரு கற்றையில் நின்ற பிறகு, இடையிடையே அதன் இருபக்கத்துக் கற்றைகளை மட்டும் சோதித்தால் போதும். பக்கத்துக் கற்றை 2 டெசிபலாவது மேலாக இருந்தால் மட்டும் மாறுமாறு எழுதுங்கள். இந்த வரம்பு இல்லாவிட்டால், இரு கற்றைகளின் சந்திப்பில் நிற்கும் எதிர்முனைக்காக ஏற்பி நொடிக்கு நொடி அங்கும் இங்கும் தாவிக்கொண்டிருக்கும்.

திருத்தக் கோப்பில் எண்களோடு தேதி, அறை வெப்பநிலை, மூலத்தின் தூரம், எந்தத் தடத்தில் எந்தக் கேபிள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிகள் சூடேறும்போது கட்டம் நகர்வதால், இயக்கி இருபது நிமிடம் கழித்து எடுத்த திருத்தத்தை, இயக்கிய உடனேயே எடுத்த அளவோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரு கேபிள் மாறினால் அந்தத் தடத்தை மட்டும் மறுபடி திருத்தினால் போதும். மாறியது முதல் உறுப்பின் கேபிள் என்றால், ஏழையும் மறுபடி செய்ய வேண்டும்.